பேய்க்கதை எழுதுவது கேவலமோ?

லண்டனில் தமிழ் இலக்கியக் கூட்டத்துக்கென்று ஒரு சடங்கு இருக்கிறது. ஈஸ்ற்ஹாமிலோ ஹரோவிலோ ஒரு மண்டபம். நான்கு மணியென்று அழைப்பிதழில் போட்டு ஐந்தரைக்குத் தொடக்கம். முதலில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். பிறகு தலைமையுரை, வெளியீட்டுரை, விமர்சன உரை. எங்கள் சனத்தின் வலியைச் சொல்லாத எழுத்து எழுத்தேயல்ல என்று ஒருவராவது சொல்லாமல் கூட்டம் முடியாது. அந்த இடத்தில் ஒரு இளம்பிள்ளை எழும்பி, தான் ஒரு நாவல் எழுதப்போவதாகவும், அதில் ஒரு காதலும் ஒரு கொலையும் இருக்குமென்றும், செத்துப்போனவனே வந்து துப்புத் துலக்குவான் என்றும் சொன்னால் மண்டபம் என்ன செய்யும்? சிரிக்கும். “பேய்க்கதை எழுதவோ பிள்ளை லண்டனுக்கு வந்தனீர்?” என்று யாராவது ஒரு பெரியவர் கேட்பார்.

ஒரு நிமிடம் செத்தவர்களுக்காக நாங்கள் வாயை மூடுவோம். செத்தவர்கள் வாயைத் திறக்க ஒரு பக்கம் கொடுக்கமாட்டோம். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இங்கே சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

பேய், மர்மம், காதல் ஆகிய மூன்றையும் எங்கள் விமர்சகர்கள் பந்தியில் இருத்துவதில்லை. அவை பொழுதுபோக்கு; ரயிலில் வாசித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டியவை. யதார்த்தம் மட்டுமே கனமான இலக்கியம் என்று நாற்பது ஐம்பது வருடங்களாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் ஈழத்தவரின் முதல் தமிழ் நாவல் எது? 1885இல் சித்திலெப்பை எழுதிய அசன்பேயுடைய கதை. கெய்ரோவில் கடத்தப்பட்ட ஒரு குழந்தையின் கதை. மர்மத்தில் தொடங்கிய ஒரு நாவல் மரபு, மர்மத்தைக் கண்டு முகம் சுளிப்பது வேடிக்கை.

இன்னும் பின்னே போனால் மணிமேகலை. அதில் உதயகுமாரன் ஒருத்தியைக் காதலிக்கிறான். அவள் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அதனால் ஏமாந்த காஞ்சனன் அவனை வெட்டிக் கொல்கிறான். நடந்ததையும் நடக்கப்போவதையும் ஒரு தூணில் இருக்கும் பாவை பேசிச் சொல்கிறது. காதல், ஆள்மாறாட்டம், கொலை, அமானுஷ்யம் எல்லாம் ஒரே காப்பியத்தில் இருக்கின்றன. அதை நாங்கள் ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றென்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். தொல்காப்பியத்தின் காஞ்சித்திணையைப் பாருங்கள். புண்பட்டு விழுந்தவனுக்குச் சுற்றத்தார் யாருமில்லையென்றால் பேய் அவனைக் காத்து நிற்கும், அதற்கொரு துறை. புண்பட்ட கணவனைப் பேய் தொடாதபடி மனைவி காத்து நிற்பாள். அதற்கும் ஒரு துறை. போர்க்களத்தில் பேயும் காதலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்பதை எங்கள் இலக்கணகாரன் அறிந்திருந்தான். எங்கள் விமர்சகன்தான் மறந்துபோனான்.

இப்பொழுது லண்டனுக்கு வருவோம். 2022 ஒக்ரோபர் 17ஆம் திகதி, கம்டனில் இருக்கும் றவுண்ட்ஹவுஸ் மண்டபத்தில் ஷெஹான் கருணாதிலகவுக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. நாவலின் பெயர் ‘மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்’. 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. போர்ப் படப்பிடிப்பாளன் ஒருவன் செத்தபிறகு கண்விழிக்கிறான். உடல் பெய்ரா வாவியில் கிடக்கிறது. தன்னைக் கொன்றது யாரென்று அவனுக்குத் தெரியாது. ஏழு நிலவுகளுக்குள் தான் நேசித்த ஆணையும் பெண்ணையும் தொடர்புகொண்டு, ஒளித்துவைத்த படங்களிருக்கும் இடத்தை அவர்களுக்குக் காட்டவேண்டும். அவன் நேசித்தவன் ஒரு தமிழன். மறுவுலகத்தில் அவனுக்கு வழிகாட்டவரும் டொக்ரர் ராணி, 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சுட்டுக்கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை மனதில் வைத்து எழுதப்பட்ட பாத்திரம். அதாவது பேய்க்கதை, கொலை மர்மம், காதல் கதை மூன்றும் சேர்ந்த ஒன்றுக்குத்தான் அந்தப் பரிசு போயிற்று.

2009இல் போர் முடிந்தபோது எத்தனைபேர் செத்தார்கள், யாருடைய பிழை என்ற வாய்த்தர்க்கம் ஓயாமல் நடந்ததைக் கண்டே, செத்தவர்கள் தாங்களே பேசினால் எப்படியிருக்கும் என்று யோசித்ததாக அந்த எழுத்தாளர் சொல்லியிருக்கிறார். எங்களில் பலர் அப்பொழுது கேட்டது என்ன? “எங்கடை கதையை ஒரு சிங்களவன் எழுதிப் பரிசு வாங்கிறான்.” சரி, எழுதினான். எங்கள் ராஜினியை மறுவுலகத்தில் ஒரு கதிரையில் இருத்திப் பேசவைக்க எங்களில் எவருக்காவது தைரியம் இருந்ததா? அவருடைய கொலையில் குற்றம் சுமத்தப்பட்டது புலிகள் மீது. ஆகவே அவருக்கு எங்கள் மண்டபங்களில் மௌனம்கூடக் கிடைக்கவில்லை. இதற்குச் சிங்களவனைக் கோபித்து என்ன பயன்?

இதுதான் விஷயத்தின் மையம். எங்கள் இறந்தவர்களை நாங்கள் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறோம். ஒருவருக்குக் கல், விளக்கு, கார்த்திகைப்பூ. மற்றவருக்கு ஒன்றுமில்லை. 1986 ஏப்ரல் கடைசியில் தெருத்தெருவாகக் கொல்லப்பட்ட ரெலோப் பெடியன்களுக்கு எந்த நாளில் விளக்கு? 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு? 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் கொல்லப்பட்ட சபாலிங்கத்துக்கு? நடுகல் கிடைத்தவன் தெய்வமாகிறான். கிடைக்காதவன் பேயாக அலைகிறான். இது எங்கள் பாட்டிமாரின் கணக்கு. பேய்க்கதை வேண்டாம் என்று சொல்லுகிறவர்களுக்கு உண்மையில் பேயில் நம்பிக்கையில்லாமல் இல்லை. எந்தெந்தப் பேய் வந்து நிற்கும் என்று நன்றாகத் தெரிந்தபடியால்தான் பயம்.

அரசின் பக்கமும் அதே பயம்தான். காணாமற்போனவரின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ‘காணப்படாமைச் சான்றிதழ்’ கொடுக்கலாம் என்று 2016இல் சட்டம் செய்தார்கள். ஆள் உயிரோடும் இல்லை, சாகவும் இல்லை. கடதாசியில் முத்திரை குத்தி ஒரு மனிதரைப் பேயாக்கும் வேலையை இதைவிடத் துல்லியமாக எந்த மந்திரவாதி செய்வான்? எங்களூர் முறைப்படி செத்தவருக்கு எட்டுச்செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, கீரிமலையில் சாம்பல் கரைப்பு உண்டு. காணாமற்போனவருக்கு இவை ஒன்றும் இல்லை. மனைவி பொட்டு வைப்பதா விடுவதா என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரம் குந்திய தாய்மார் கேட்டது இந்த ஒரே கேள்விக்குப் பதில்தான். மகன் எங்கே? துப்பறியும் நாவலின் கேள்வியும் இதுதான். காதல் நாவலின் கேள்வியும் இதுதான். யதார்த்த நாவலில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய பாத்திரம் இல்லை, ஏனென்றால் பதில் தெரிந்தவன் செத்துப்போனான்.

செம்மணியில் 1999இல் 15 எலும்புக்கூடுகளைத் தோண்டியெடுத்துவிட்டு மூடினார்கள். 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் மறுபடி தோண்டினபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. கூடவே ஒரு பள்ளிக்கூடப் பையும் ஒரு பொம்மையும். எலும்புக்கு வாய் இல்லை. தடயவியலாளர் வயதையும் காயத்தையும் சொல்வார். அந்தப் பிள்ளை கடைசியாக என்ன கேட்டது என்பதைச் சொல்ல அவரால் முடியாது. அது நாவல்காரனின் வேலை.

பழையனூர் நீலியின் கதையை எத்தனைபேர் கவனித்துப் படித்தோம்? கொன்ற கணவனைத் தேடி அவள் பேயாக வருகிறாள். ஊர்ச்சபையில் வழக்குச் சொல்கிறாள். அவனுக்கு ஒன்றும் வராது என்று எழுபது வேளாளர் பிணை நிற்கிறார்கள். அவன் செத்துப்போகிறான். சொன்ன சொல்லுக்காக எழுபதுபேரும் தீயில் இறங்குகிறார்கள். எங்கள் காலத்திலும் பிணை நின்றவர்கள் இருந்தார்கள். “ஒண்டும் நடக்காது, விசாரிச்சுப்போட்டு விடுவம்” என்று இராணுவமும் சொல்லிற்று, இயக்கங்களும் சொல்லின. நாங்கள் அறிய அதற்காக ஒருவரும் தீயில் இறங்கவில்லை. நீலியின் கதையில் இருந்த நீதி எங்கள் நாளில் இல்லாமற்போனது. அதனால்தான் அந்தக் கதை மறுபடி எழுதப்படவேண்டும்.

மூடநம்பிக்கையை வளர்க்கலாமா என்று முற்போக்கு நண்பர்கள் கேட்பார்கள். டொனி மொறிசன் 1987இல் ‘பிலவ்ட்’ எழுதியபோது எத்தனைபேர் பேயை நம்பத் தொடங்கினார்கள்? 1856இல் ஓர் அடிமைத்தாய் தன் பிள்ளையை அடிமைக்காரரிடம் கொடுக்காமல் கொன்ற செய்தியை அவர் பழைய பத்திரிகை நறுக்கில் கண்டெடுத்தார். அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருகிறது. வாசித்தவர்கள் நம்பியது பேயை அல்ல, அடிமைமுறையை. ஒரு நாவலில் பேயை நம்பவைப்பது எதற்காக என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் மறுபக்கத்துக்கும் ஒரு அடி போடவேண்டும். பேய்க்கதை எழுதுகிறேன் என்று புறப்பட்டவர்களில் பலர் செய்வது என்ன? சென்னைத் திரைப்படத்து வெள்ளைச்சேலை மோகினியைக் கொண்டுவந்து குறொய்டனில் ஒரு மாடிவீட்டில் இறக்குகிறார்கள். மல்லிகைப்பூ வாசம், கொலுசுச் சத்தம், கடைசியில் ஒரு மந்திரவாதி. ஆராய்ச்சி இல்லை, ஊர் இல்லை, வருடம் இல்லை. கேட்டால், ஊருக்குப் போகமுடியவில்லை, லண்டனில் இருந்துகொண்டு எப்படித் தேடுவது என்கிறார்கள்.

டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் ட்ரான்சில்வேனியாவுக்கு ஒருநாளும் போனவரல்லர். 1890இலிருந்து 1897வரை ஏழு வருடம் குறிப்பெடுத்தார். லண்டன் நூலகத்தில் அவர் கோடு கீறி அடையாளமிட்ட புத்தகங்களை 2018இல் கண்டுபிடித்தார்கள். ரயில் நேர அட்டவணைகூட அவருடைய குறிப்பில் உண்டு. இந்த நகரத்தில் பேய்க்குப் பஞ்சமில்லை. ஆவிகளை ஆராயவென்று ஒரு சங்கம் இங்கே 1882இல் தொடங்கியது. உயர்வாசற்குன்று முருகனுக்குக் காவடி எடுக்கிறோமே, அதே ஹைகேற் மயானத்துக்குள் 1970 மார்ச்சில் இரத்தக்காட்டேரியைப் பிடிக்கவென்று சனம் மதிலேறிக் குதித்தது. 1977இல் என்ஃபீல்டில் ஒரு மாநகரசபை வீட்டில் கதிரை தானாக நகர்ந்ததைக் கண்டேன் என்று ஒரு பெண் பொலிஸ் எழுதிக் கையொப்பமிட்டார். அதை விசாரிக்கப்போன மொறிஸ் குறோஸ் அதற்கு முந்திய வருடம்தான் விபத்தில் தன் மகளைப் பறிகொடுத்தவர். பேயைத் தேடிப் போகிறவன் யாரைத் தேடிப் போகிறான் என்பது இதில் விளங்கவில்லையா? நகர்ந்த கதிரைக்கு இங்கே பொலிஸ் பதிவு உண்டு. எங்களூரில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனதற்குப் பதிவு எழுத எத்தனை பொலிஸ் நிலையம் மறுத்தது?

ஆகவே எழுத நினைக்கிற பிள்ளைகள் தேடட்டும். பிரித்தானிய நூலகத்தில் வாசகர் அட்டை இலவசம். 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் எங்கள் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கிடக்கின்றன. அன்றிரவு நிலவு இருந்ததா என்று வாக்கிய பஞ்சாங்கத்தில் பாருங்கள். 1990 நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சனம் ஜாம் போத்தலில் திரிபோட்டு மண்ணெண்ணெய் விளக்குக் கொளுத்திற்று. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிற்று. அந்த இருட்டில் ஒரு பேய் எப்படி வரும், காதல் கடிதம் கிளாலிக் கடலைத் தாண்டி எந்த வள்ளத்தில் போகும் என்று ரூற்றிங்கிலும் வெம்பிளியிலும் இருக்கிற உங்கள் மாமிமாரிடம் கேளுங்கள். கொத்தியாத்தை யார், எறிமாடன் யார், கழிப்பு எப்படிக் கழிப்பது, கோட்டை முனியப்பருக்கு யார் பொங்கினார்கள் என்று கேளுங்கள். நாவலர் காலம் தொட்டுச் சைவப் பெரியவர்கள் துரத்திவிட்ட தெய்வங்கள் அவர்களுடைய வாயில்தான் குடியிருக்கின்றன. அந்தத் தலைமுறை போய்விட்டால் எந்த நூலகமும் பதில் சொல்லாது. ஆனால் ஒன்று. ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னால், அவனுடைய பெயரை வைத்து வியாபாரம் செய்யாதீர்கள். அவள் அனுமதித்ததை மட்டும் எழுதுங்கள்.

மண்டபத்துப் பெரியவர்களுக்குச் சொல்ல இருப்பது சிறிது. மௌனத்தை ஒரு நிமிடத்தோடு நிறுத்துங்கள். அடுத்தமுறை ஒரு பிள்ளை பேய்க்கதை எழுதப்போகிறேன் என்று எழும்பினால் சிரிக்காமல், எந்த வருடம், எந்த ஊர், யாருடைய பேய் என்று கேளுங்கள். மூன்றுக்கும் அந்தப் பிள்ளையிடம் பதில் இருந்தால் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு இருங்கள்.