நுரைக்கல் சொல்லும் நாள்கணக்கு

குதிகாலைத் தேய்க்க உதவும் அசல் நுரைக்கல்லைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே முழுக்கக் குமிழிகள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எரிமலை வெடித்த கடைசி நேரத்தின் பதிவு. அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தமான் கடலில் நிறைய வேலை இருக்கிறது.

பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறைக் குழம்பில், மூடிய கோலி சோடாவில் இருப்பதைப்போல, நீராவியும் வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே எழும்போது அழுத்தம் குறைந்து குமிழிகள் பிறக்கும். மெதுவாக எழுந்தால் குமிழிகள் குறைவு. வாயு வழியிலேயே கசிந்துவிடும். வேகமாக எழுந்தால் எண்ணற்ற பொடிக் குமிழிகள். வாயு வெளியேற வழியின்றிக் குழம்பையே சிதறடிக்கும். அந்தச் சிதறல் உறைந்ததுதான் நுரைக்கல். குமிழிகளை நுண்ணோக்கியில் எண்ணினால் குழம்பு எழுந்த வேகம் தெரியும்.

இன்னொரு கடிகாரமும் உண்டு. ஹார்ன்பிளெண்ட் என்ற படிகம் ஆழத்தில், நீர் கரைந்த குழம்பில்தான் நிலைக்கும். மெல்ல மேலே வந்தால் அதன் ஓரம் சிதைந்து கருவளையம் விழும். சில நாட்களுக்குள் விரைந்து வந்துவிட்டால் ஓரம் பளிச்சென்று இருக்கும். வேறு சில படிகங்களின் விளிம்பில் உள்ள அடுக்குகள், கீழிருந்து புதுக் குழம்பு எப்போது வந்து கலந்தது என்று காட்டிவிடும்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை இதை நிரூபித்தது. சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை அது. ஜூன் 7 முதல் வெளியே பிதுங்கிய குழம்பில் இருவகைக் குழம்பு கலந்திருந்தது. அடியிலிருந்து வந்த சூடான பசால்ட் குழம்பு, மேலே தேங்கியிருந்த டேசைட் குழம்பைக் கிளறிவிட்டிருந்தது. ஜூன் 15ல் மலை வெடித்தது. நில அதிர்வுக் கருவிகளும் வாயு அளவீடுகளும் முன்பே எச்சரித்ததால் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினார்கள்.

அதே 1991ல்தான், 19ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஓய்ந்திருந்த அந்தமானின் பாரன் தீவும் விழித்தது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில், மனிதர்கள் வசிக்காத இந்தத் தீவு, இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை. 1994-95லும், 2004 டிசம்பர் பூகம்பத்துக்குச் சில மாதங்கள் கழித்து 2005 மே மாதத்திலும், பின் 2017லும் அது புகைந்து கக்கியது.

பாரன் தீவின் குழம்பு பெரும்பாலும் பசால்ட் வகை. சிலிக்கா குறைவு, இளக்கம் அதிகம். வாயு எளிதில் தப்பிவிடும். அதன் கற்கள் மிதப்பதில்லை; இரும்புக் கிட்டம்போலக் கறுத்துக் கனக்கும். அதனால் இது சாது எரிமலை என்று பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அதன் கூம்பைச் சூழ்ந்து நிற்கும் வட்டச் சுவர், பழைய பெரிய மலை ஒன்று இடிந்து விழுந்ததன் மிச்சம். ஆமதாபாத்தின் பிசிகல் ரிசர்ச் லேபரட்டரி விஞ்ஞானிகள், தீவுக்குத் தென்கிழக்கே கடலடி வண்டலைக் குடைந்தெடுத்து ஆராய்ந்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லும் சாம்பல் அடுக்குகளைக் கண்டார்கள். சாது எப்போதும் சாதுவாக இருந்ததில்லை.

வடக்கே நார்கொண்டம் தீவு. இருவாச்சிப் பறவைக்குப் பெயர்பெற்ற, உறங்கும் எரிமலை. வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததாகப் பதிவில்லை. ஆனால் அதன் பாறைகள் ஆண்டிசைட், டேசைட். ஹார்ன்பிளெண்ட் படிகங்களும் உண்டு. அதாவது, அதன் குழம்பு நீர் நிறைந்த, பிசுபிசுப்பான ரகம்.

நுரைக்கல் ஜோசியம் சொல்லாது. அது பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஆனால் ஓர் எரிமலையின் பழைய கற்களை முறையாகச் சேகரித்துப் படித்தால், அது கிளறப்பட்டதிலிருந்து வெடிக்கும்வரை எவ்வளவு அவகாசம் தரும் என்பது தெரியவரும். அடியில் கிளறல் தொடங்கியபின் வாரங்களோ மாதங்களோ கிடைக்கலாம். கடைசி ஏற்றத்துக்குச் சில மணி நேரமே ஆகலாம். அந்த நேரத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு படகு ஏறிப் பயனில்லை. தீவு புகையும்போது மட்டும் அதை நினைத்துக்கொள்வது போதாது. அது சும்மா இருக்கும் நாட்களில்தான் கற்களைப் பொறுக்க வேண்டும், கருவிகளைப் பதிக்க வேண்டும்.