கூட்டப் பெருக்கமும் யோசனைச் சுருக்கமும்

கூட்டம் பெரிதாயிருந்தால் அதுவே காரியம் ஜெயித்ததற்கு அடையாளம் என்பதாக நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறோமேயொழிய, வந்தவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள் என்று கேட்பதில்லை.

கிராம சபையையே எடுத்துக் கொள்ளுவோம். 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி முழுமைக்கும் ஒரே சபை. 10,000-க்கு மேல் ஜனத்தொகை இருந்தால் 300 பேராவது வர வேண்டும். வந்து விட்டார்கள் என்றே வைத்துக் கொள்ளுவோம். இரண்டு மணி நேரத்தில் தலைக்கு 24 விநாடிதானே கிடைக்கும்? 20 பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் தலைக்கு 6 நிமிஷம் உண்டு.

காலம் மட்டுமா குறைகிறது? நொய்யல் கரையில் சாயக்கழிவைப் பற்றிய பேச்சு வருகிறது. கிணறு கெட்டவனும் பட்டறையில் கூலி வாங்குகிறவனும் ஒரே ஊர்க்காரர்கள். “மூடு பட்டறையை!” என்று ஒருவர் கத்தினால் கைதட்டல். “சுத்திகரிப்புச் செலவு யாருடையது? வேலை போனவனுக்கு வழி என்ன?” என்று ஒருவர் கேட்டால், “நீ யாரிடம் காசு வாங்கினாய்?” என்கிற கூச்சல். திண்ணையில் கத்தினவர் மறுநாள் அதே தெருவில் பதில் சொல்லியாக வேண்டும். பெருங்கூட்டத்தில் அந்தப் பயம் இல்லை. யோசிக்கிறவர் இரண்டு தடவை பார்ப்பார். மூன்றாம் தடவை வீட்டிலேயே இருந்து விடுவார். பிறகு முன்கூட்டியே எழுதி வைத்த தீர்மானத்திற்குக் கையெழுத்து வாங்குவதுதான் மிச்சம்!

இதனால் “பாமரர்க்கு என்ன தெரியும்” என்று சொல்லும் பேர்வழிகளுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். படித்த வக்கீல்களையே 300 பேராகக் கூட்டி வைத்தாலும் கூச்சல்தான் மிஞ்சும்.

அப்படியானால் பெருங்கூட்டமே வேண்டாமா என்று கேட்கலாம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெருங்கூட்டந்தான். ஜாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். ஆனால் 1925 முதல் ஈரோட்டிலிருந்து வந்த “குடி அரசு” ஏட்டில் ஜாதியைப் பற்றி வாதித்துத் தீர்த்த பிறகல்லவா அந்தத் தீர்மானம் வந்தது! யோசனை முன்னால் நடந்தது. கூட்டம் பின்னால் கூடிற்று. இன்று நாம் இதைத் தலைகீழாய் வைத்திருக்கிறோம்.

கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை கூடுகிறது. நம் சர்க்கார் சட்டத்தைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்டோபர் 2-ந் தேதிக் கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்பே தெருவுக்கு 20 பேர், பெண்களும் சேரிக்காரர்களும் உட்பட, ஒரே பாயில் உட்கார்ந்து ஊராட்சி வரவு செலவைப் படித்துப் பேசட்டும். கணக்கு நகலைக் கொடுக்க மறுக்கிற தலைவரை அந்த 20 பேரும் சபையிலே எழுந்து நின்று காரணம் கேட்கட்டும்.