ழகரம் எந்த விசையில் இருக்கிறது?

திங்கட்கிழமை பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். அரசுப் பள்ளிகளில் பூட்டிக் கிடக்கும் ஹைடெக் கணினி லேப்களைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு ஒரு தலைமையாசிரியை கோபித்துக்கொண்டார். அவர்தான் கூப்பிட்டார். "ஒரு தடவை வந்து பாத்துட்டு எழுதுங்க சார்." பார்த்தேன். வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே கணினிகள் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வினாடிவினாவுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் லேப் நடக்கிறது. மனம் நிறைந்து எழுதுகிறேன்.

இந்த வாரம் முழுக்க அதையே எழுதலாம் என்றிருந்தேன். 2011 செப்டம்பரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து ஹைடெக் லேப், எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளம், மணற்கேணி செயலி, ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்று நம் அரசுப் பள்ளிகள் கடந்துவந்த தூரத்தைக் குறித்தும் வைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் பேசியபின் அந்தக் குறிப்பை மடித்துவிட்டேன்.

கெட்டிக்காரி. கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ் என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள். எலியைப் பிடித்த கையில் தயக்கமே இல்லை. "உன் பேரைத் தமிழ்ல அடிச்சுக் காட்டும்மா" என்றேன். கை நின்றுவிட்டது. விசைப்பலகையை மேலும் கீழும் தேடினாள்.

"சார், இதுல தமிழ் எழுத்து எங்க சார் இருக்கு?"

அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பக்கத்திலிருந்த பையன் "இசட், ஹெச் போடு" என்று உதவிக்கு வந்தான். தன் பெயரில் இருக்கும் ஓர் எழுத்தை எழுத, பெயரில் இல்லாத இரண்டு ஆங்கில எழுத்துகளை அந்தப் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீடு வந்து சேரும்வரை இது என்னை விடவில்லை.

என் பழைய வழக்குதான் இது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனகபக' அடித்துத் தேய்ந்த விரல்கள் என்னுடையவை. தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்து, எழுத்தை அடித்து, பிறகு காலை அடித்தால்தான் 'கொ' வரும். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் விரலுக்கும். அந்தப் பொறிக்கு வேறு வழியில்லை. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஓர் அரசுப் பள்ளி மாணவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதன் அழகைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு உயிரும் இடது கைக்கு. மெய் பதினெட்டில் பெரும்பாலானவை வலது கைக்கு. புள்ளிக்கு ஒரு விசை. ஆக 31 விசைகள். உயிர், மெய், உயிர்மெய் 246ம் இதற்குள் அடங்கிவிடும். ஆய்தத்துக்கு மட்டும் ஷிஃப்ட். ககர விசையையும் இகர விசையையும் தட்டினால் 'கி'. ஒன்றாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே கூட்டல். 'பள்ளி' என்று அடிக்க ப, ள, ள, இ என்ற நான்கு தட்டுகள் போதும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. இன எழுத்து என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அது இங்கே விரலுக்கு வேலையை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. தமிழிலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த கருவி என்பது அடிக்க அடிக்கப் புரியும்.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் பிள்ளை 'palli' என்று தட்டுகிறது. பள்ளியா, பல்லியா என்று கணினி பட்டியல் நீட்டுகிறது. லகர ளகரம் தடுமாறுகிற வயதில், எது சரி என்று பிள்ளை சொல்லவேண்டிய இடத்தில் கணினி சொல்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று பிள்ளைமேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். நாம் வேறு வழி காட்டவில்லை.

ஆசிரியர்களையும் குறைசொல்ல மனம் வரவில்லை. அன்று லேபில் இருந்த டீச்சரிடம் கேட்டேன். "வருகைப்பதிவு, மதிப்பெண் பதிவு எல்லாத்துக்கும் பயிற்சி குடுத்திருக்காங்க சார். தமிழ்ல அடிக்க யாரும் சொல்லித் தரல. வினாத்தாளை இப்பவும் கையால எழுதி வெளியில குடுத்துத்தான் அடிச்சு வாங்குறோம்" என்றார். செயலியில் கட்டம் நிரப்பத் தெரிவதையே நாம் கணினி அறிவு என்று எண்ணிவிட்டோம். தன் வினாத்தாளைத் தானே அடித்துக்கொள்ளும் ஆசிரியர்தான் கணினியைத் தன்னுடையதாக நினைப்பார். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபின், பாடம் நடத்தும் ஆசிரியர்களிலிருந்தே பள்ளிதோறும் ஒருவரைத் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். அங்கே லிட்டில் கைட்ஸ் மன்றப் பிள்ளைகளுக்கு அனிமேஷன், ரோபோவோடு மலையாளக் கணிமையும் ஒரு பாடம். நமக்கு அது ஏன் தோன்றவில்லை?

அன்று கிளம்புமுன் அந்தச் சிறுமியின் கணினியில் தமிழ்99ஐச் சேர்த்துக் கொடுத்தேன். தனியாக எதையும் நிறுவவில்லை. விண்டோஸ் 10இல் 2019 முதல் அது உள்ளேயே இருக்கிறது. விசை வரிசையைத் தாளில் வரைந்து திரையோரம் ஒட்டினேன். ழகரம் வலது சுண்டுவிரல் கீழே இறங்கித் தொடும் இடத்தில், சாய்கோட்டு விசையில் இருக்கிறது. தட்டினாள். திரையில் 'ழ' வந்தது. தன் பெயரை முழுதாக அடித்துவிட்டு, கேட்காமலே அடுத்த வரியில் அம்மா பெயரை அடித்தாள். பிறகு ஊர்ப் பெயர். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லேப் கணினி ஆசிரியருக்கு மட்டும் உரியதல்ல. ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். விசை வரிசையை ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். முதல் நாள் பிள்ளைகள் தங்கள் பெயரை மட்டும் அடித்தால் போதும்.