‘முடிந்தவரை’ மருந்து தருவார்களாம்!

தோழர்களே,

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். டெல்லியில் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கிட்டு போட்டோ எடுப்பாங்க. 2030-க்குள் எய்ட்ஸை ஒழிச்சிடுவோம்னு மேடையில் முழங்குவாங்க.

ஆவடியில் இருந்து நாம கேட்கிறது ஒரே கேள்விதான்: அடுத்த மாச மாத்திரை இருக்கா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஒரு எச்.ஐ.வி. தொற்றாளரை நினைச்சுப் பாருங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனா தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு பயம். அதனால ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, மறுபடி ரயில் பிடிச்சு தாம்பரம் சானடோரியம் போறார். ஒரு நாள் கூலி போச்சு. அங்கே ஒரு மாசத்துக்குப் பதிலா ஒரு வாரத்துக்குத்தான் மாத்திரை இருக்குன்னா? மாசத்துக்கு நாலு நாள் கூலி போகும். சூப்பர்வைசர் காரணம் கேட்பார். வேலையா, உயிரா?

இது வெறும் கற்பனை இல்லை. 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து போராடினாங்க. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. 40 நாளுக்கும் மேல! அப்பவும் ஒன்றிய அரசு சொன்ன பதில், ‘நாட்டில் போதுமான கையிருப்பு இருக்கிறது’. கையிருப்பு இருந்தா நோயாளி ஏன் தெருவுக்கு வரணும்?

இந்தத் திமிர் எங்கிருந்து வருது? சட்டத்திலேயே ஓட்டை வெச்சிருக்காங்க. 2017-ல் நிறைவேறிய எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்யுது. நல்லது, வரவேற்கிறோம். ஆனா பரிசோதனை, கூட்டு மருந்து சிகிச்சை பற்றிய 14-வது பிரிவைப் படிங்க. ‘முடிந்தவரை’ வழங்க வேண்டுமாம்! தொற்றாளர் அமைப்புகள் அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லிக் கத்தினாங்க. எடுக்கலை. அந்தச் சட்டத்தையும் உடனே அமலுக்குக் கொண்டுவரலை. ஏன் தாமதம்னு டெல்லி உயர் நீதிமன்றம் கேட்ட பிறகுதான் 2018 செப்டம்பரில் அமலாச்சு.

இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடிச்சாங்க. நாட்டுக்கே முன்மாதிரியா 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைச்சது தமிழ்நாடு. 2004 ஏப்ரல் 1-ல் இலவச கூட்டு மருந்து தொடங்கினப்போ, தாம்பரம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. அந்த மாத்திரைதான் சாவைத் தடுத்தது. அதை விடாம சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைஞ்சவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமா அடுத்தவருக்குத் தொற்றாது. அதாவது மருந்தேதான் தடுப்பும். இடையில் நின்னா வைரஸ் ஏறும், மருந்துக்கே அடங்காமலும் போகலாம்.

தேசியத் திட்டத்தின் 5-ம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரை, ஒதுக்கினது 15,471 கோடி ரூபாய். 2010-ஐ ஒப்பிட்டு புதிய தொற்றுகளை 80 சதவீதம் குறைப்பது இலக்கு. 2023 வரை குறைஞ்சது சுமார் 44 சதவீதம்தான். நாட்டில் 25 லட்சம் பேர் தொற்றோடு வாழ்றாங்க. ‘நம்பிக்கை மைய’ ஆலோசகர்களையோ வருஷக்கணக்கா ஒப்பந்தத்திலேயே வெச்சிருக்காங்க. தன் வேலைக்கே நம்பிக்கை இல்லாதவர், அடுத்தவருக்கு எப்படி நம்பிக்கை சொல்வார்?

நாம கேட்பது சலுகை இல்லை:

▪️ சட்டத்தில் ‘முடிந்தவரை’யை நீக்கு!
▪️ மூணு மாச மருந்தை மொத்தமா கையில் கொடு! எப்பவும் கையிருப்பு வை!
▪️ ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்கு!

தோழர்களே, நம்ம வேலையும் இருக்கு. தெருவில் யாரையாவது ‘அந்த நோய்க்காரன்’னு ஒதுக்கினா, அங்கேயே நின்னு கேளுங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கே பயமில்லாம போற நிலைமையை நாமதான் உருவாக்கணும். சந்தேகம் உள்ளவங்களுக்கு இலவச உதவி எண் 1097-ஐச் சொல்லுங்க.

வரி மட்டும் முழுசா வாங்குறாங்க, ‘முடிந்தவரை’ இல்லை. மருந்தையும் முழுசா கொடுக்கட்டும்!

பகிருங்கள் தோழர்களே!

#முடிந்தவரை_அல்ல_முழுமையாக
#மருந்து_எங்கள்_உரிமை