முரசுக்கு எதற்கு உரையாசிரியர்?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ட்ரம் கோர் இறுதிப்போட்டி முடிந்தவுடன் அமெரிக்க ரசிகர்களிடையே ஒரு புகார் தவறாமல் எழுகிறது. இன்றைய குழுக்களின் நிகழ்ச்சிகள் அளவுக்கு மீறித் தீவிரமாகிவிட்டன. அவற்றில் தத்துவம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, பார்ப்பவரை மகிழ்விக்கும் எண்ணம் மட்டும் இல்லை என்பதே அந்தப் புகார். தீவிர இலக்கியம், வெகுஜன இலக்கியம் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்காடி வரும் நமக்கு இந்தக் குரல் புதிதன்று. ஆயினும் அந்த வழக்கில் நாம் வழக்கமாக எடுக்கும் இரண்டு தரப்புகளுமே இங்கே பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கலையைத் தீவிரம் கெடுக்கவில்லை, கெடுப்பது வேறொன்று. அதைச் சொல்வதற்கு முன் கலையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்கள் ஊர்தோறும் நடத்திய முரசு, எக்காளக் குழுக்களே ட்ரம் கோரின் மூதாதையர். பித்தளை ஊதுகருவிகள், முரசும் மரிம்பாவும் போன்ற தாளக்கருவிகள், கொடி ஏந்தி ஆடுவோர் ஆகியோர் சேர்ந்தது ஒரு குழு. க்ளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் இடமில்லை. நூற்றைம்பது பேருக்கும் மேற்பட்ட இளைஞர்கள், எல்லோரும் இருபத்திரண்டு வயதுக்குள், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் முழுப் பரப்பிலும் ஓடியும் உருமாறியும் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள் வாசிக்கிறார்கள். 1971இல் உருவான ட்ரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, 1972இல் விஸ்கான்ஸின் மாநிலத்தின் வொய்ட்வாட்டர் என்ற சிற்றூரில் தன் முதல் இறுதிப்போட்டியை நடத்தியது. 2009 முதல் அப்போட்டியின் இருப்பிடம் இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் அரங்கம்.

பழைய நாள்களை எண்ணி ஏங்குவோர் உடனே சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று, நியூ ஜெர்ஸியின் பேயோன் நகரத்து பிரிட்ஜ்மென். மஞ்சள் நிற நீள அங்கியும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிந்து வந்து, நிகழ்ச்சியின் உச்சத்தில் மொத்தக் குழுவும் மயங்கித் தரையில் சாயும். ராணுவ விறைப்பையே கேலி செய்த கூட்டம் அது. மற்றொன்று, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரிலிருந்து வந்த வெல்வெட் நைட்ஸ். எண்பதுகளில் நகைச்சுவையையே தன் அடையாளமாக வைத்திருந்த குழு. இவர்களைப் பார்த்த அரங்குகள் வாய்விட்டுச் சிரித்தன என்பது உண்மை. ஆனால் இவ்விரண்டு குழுக்களும் ஒருமுறைகூட இறுதிப்போட்டியில் முதலிடம் பெற்றதில்லை என்பதும் உண்மை. 1983 வரை நடுவர்கள் மைதானத்தில் ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு புள்ளி வீதம் கழித்துக்கொண்டே நடந்தார்கள். கால் ஒன்று பிசகினால், உதடு ஒன்று வழுவினால் தண்டனை. அதைக் காட்டிலும் இறுக்கமான சூழல் உண்டா? கேளிக்கை ததும்பிய பொற்காலம் என்று இன்று நினைவுகூரப்படுவது, விறைத்த முகங்களுக்கு நடுவே சிலர் துணிந்து செய்த குறும்பு.

அடுத்து, தீவிரத்தின் பக்கத்திலிருந்து ஒரு சான்று. 1993இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, சாமுவேல் பார்பர், பேலா பார்டோக் ஆகிய இருவரின் இசையை எடுத்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டுச் செவ்வியல் இசையின் கரடுமுரடான பகுதிகள். கைதட்டலுக்காக நிறுத்திவைக்கும் இடங்களே அரிது. உணர்ச்சியற்றது, புரியாதது என்று அரங்கில் பலர் முகம் சுளித்தார்கள். இறுதிப்போட்டியில் அக்குழு பத்தில் ஒரு புள்ளியில் கேடட்ஸ் குழுவிடம் முதலிடத்தை இழந்தது. அதன் பிறகு போட்டிக்களத்தை விட்டே வெளியேறியது. இன்று அந்த நிகழ்ச்சி இக்கலை எட்டிய சிகரங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதே நிறுவனத்திலிருந்து பின்னர் பிறந்ததுதான் ‘ப்ளாஸ்ட்!’ என்ற மேடைக் காட்சி. 1999இல் லண்டனில் அரங்கேறி, 2001இல் பிராட்வேக்கு வந்து, டோனி விருதும் பெற்றது. அதன் பார்வையாளர்களில் பெரும்பாலோர் ட்ரம் கோர் என்ற சொல்லையே அறியாதவர்களாக இருந்திருப்பார்கள். மிகத் தீவிரமானது என்று பழிக்கப்பட்ட கைகளே பெருங்கூட்டத்தை மகிழ்வித்த கைகளும்.

2008ஐ எடுத்துக்கொள்வோம். இல்லினாய் மாநிலத்தின் ஃபேன்டம் ரெஜிமென்ட் குழு ஸ்பார்ட்டகஸின் கதையை மைதானத்தில் நிகழ்த்தியது. அடிமைகளின் கிளர்ச்சி, காதல், ஈட்டிக்குத்து, மரணம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் கடைசி நிமிடங்களில் அரங்கம் இருக்கைகளில் இல்லை. எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. ப்ளூ டெவில்ஸ் குழுவின் 98.100 புள்ளிகளுக்கு எதிராக 98.125 பெற்று அக்குழு வென்றது. எவருக்கும் எந்தக் குறிப்பேடும் தேவைப்படவில்லை. யார் ஒடுக்குகிறான், யார் எழுகிறான் என்பதைக் கடைசி வரிசையில் இருந்த சிறுவனும் உடல்களின் அசைவிலிருந்தே அறிந்துகொண்டான்.

அப்படியானால் புகாருக்கு அடிப்படையே இல்லையா? இருக்கிறது. மதிப்பெண் தாளிலிருந்து தொடங்குகிறேன். நூறு புள்ளிகளில் இசைக்கு 30, காட்சிக்கு 30. மீதி 40 ‘பொது விளைவு’ என்ற தலைப்புக்கு. நிகழ்ச்சி பார்ப்பவரிடம் என்ன விளைவிக்கிறது என்பதே அதன் அளவுகோல். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பார்ப்பவர் யார்? ஒரே நிகழ்ச்சியை ஒரு கோடையில் பலமுறை பார்க்கக்கூடியவர். போட்டி முடிந்ததும் குழுவின் பயிற்சியாளர்களோடு அமர்ந்து, தாங்கள் கருதியது இன்னது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கக்கூடியவர். சிற்றூர் ஒன்றின் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு வந்து அமரும் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு பார்வை. அவர்களுக்கு உரையாசிரியர் எவரும் இல்லை. உரையோடு படிப்பவருக்காக எழுதப்படும் நூல் மெல்ல மெல்ல உரையின்றிப் படிக்க முடியாததாகிவிடும். ட்ரம் கோரில் நடந்திருப்பது இதுதான் என்பது என் கருத்து.

அறிகுறிகள் பல. மெட்டு ஒன்று தொடங்குகிறது. நெஞ்சு அதைப் பற்றிக்கொள்ளும் முன் அறுபட்டு, அடுத்த வித்தைக்கு இடம் விடுகிறது. ஏனெனில் தாளில் எடை பெறுவது வித்தையின் அடர்த்தி. 2004இல் ஒலிபெருக்கி அனுமதிக்கப்பட்டபின் மைதானத்துக்குள் பேச்சு நுழைந்தது. சுதந்திரம், அடையாளம், காலம் என்று பெருஞ்சொற்கள் ஒலிபெருக்கி வழியே நம்மீது வந்து விழுகின்றன. எக்காளங்கள் ஒரு முழக்கத்தில் சொல்லியிருக்கக்கூடியதைக் குரல் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இதைத் தீவிரம் என்று அழைப்பது தவறு. தீவிரம் பொருளுக்குள் இருப்பது. இது பொருளின் மேல் ஒட்டிய சீட்டு.

2012இல் ப்ளூ டெவில்ஸ் முதலிடம் பெற்ற நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். டாடா இயக்கத்தைப் பற்றியது. 1916இல் ஜூரிக்கில் தொடங்கிய கேளிக்கை விடுதியான காபரே வோல்டேரின் பெயரையே சூடியது. கலையின் பெரியமனிதத்தனத்தைப் பரிகசிக்கப் பிறந்த இயக்கம் டாடா. வாசிப்பின் துல்லியத்தில் எவரும் குறை காண முடியாது. ஆனால் ரசிகர்கள் அதைப் பற்றி இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். டாடாவைப் படித்தவர் புன்னகைத்தார்; படிக்காதவர் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார். பரிகாசம்கூட அடிக்குறிப்பு வேண்டுவதாகிவிட்டது.

புதுமையும் மின்கருவிகளுமே குற்றவாளிகள் என்று முடிவுகட்டுவோரோடும் நான் உடன்படவில்லை. ஒஹையோவின் ப்ளூகோட்ஸ் குழு 2014இல் ‘டில்ட்’ என்ற நிகழ்ச்சியில், மின்னணு ஒலியின் துணையோடு முழுக்குழுவின் சுருதியையே சரித்து வளைத்தது. கதை இல்லை, பாத்திரம் இல்லை, முழுக்க அரூபம். ஆயினும் அந்த வளைவு காதில் விழுந்த கணத்தில் வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. 2016இல் அதே குழு மைதானத்தில் சறுக்குமேடைகளை நிறுத்தி, வாசிப்பவர்களை அவற்றில் சறுக்கவிட்டு, முதன்முறையாகப் பட்டம் வென்றது. நம் பழைய இலக்கணக்காரர்கள் மருட்கை என்று பெயரிட்ட மெய்ப்பாடு அது. இந்தக் கலை மனிதரைக் கட்டிப்போடும் கயிறும் அதுவே. நூற்றைம்பது உடல்கள் ஒரே கணத்தில் ஒரு கோடாவதும் வட்டமாவதும் கண்டு வியக்க விளக்கம் எதற்கு?

மறுப்பு ஒன்றை எதிர்பார்க்கிறேன். எளிதில் விளங்குவதையே கேட்பது சோம்பேறித்தனம், கலைஞன் பார்வையாளனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். கவிதைக்கு இந்தக் கேள்வி பொருந்தும். கவிதைக்குத் திரும்பிவர முடியும். பத்தாண்டு கழித்தும் அது திறக்கும். மைதானத்தில் நிகழ்வது அந்தப் பன்னிரண்டு நிமிடங்களோடு காற்றில் கரைவது. பதிவு உண்டு என்பார்கள். ஆனால் நூறு பித்தளைக் குழல்கள் ஒன்றாக முகத்துக்கு நேரே திரும்பும்போது நெஞ்செலும்பில் உணரும் அதிர்வு பதிவில் வராது. முதல் பார்வையில் ஒன்றுமே தராத நிகழ்ச்சி, பெரும்பாலோருக்கு எப்போதுமே ஒன்றும் தராது.

இதில் இழப்பு யாருக்கு? பங்கேற்கும் இளைஞர்கள் ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்துகிறார்கள். பள்ளி உடற்பயிற்சிக்கூடங்களின் தரையில் உறங்குகிறார்கள். வெயிலில் நாள் முழுதும் ஒரே நான்கு அடிகளைத் திரும்பத் திரும்ப நடக்கிறார்கள். வயது வரம்பைத் தாண்டியவருக்கு மறு வாய்ப்பு கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்கள் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன. அதற்குப் பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் நிகழ்ச்சி வடிவமைப்பாளர்களின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் எஞ்சியிருக்கும் குழுக்களை நாளை காப்பாற்றப் போவது நடுவர் அன்று. இவ்வாண்டு முதன்முறையாக வந்து, என்ன பார்த்தோம் என்று வீட்டில் போய்ச் சொல்லத் தெரிந்து, அடுத்த ஆண்டு இன்னும் நால்வரை அழைத்துவரும் அந்தக் குடும்பம்தான்.

ஆகவே மஞ்சள் அங்கிகள் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பார்பரும் பார்டோக்கும் இருக்கட்டும், மரணமும் இருக்கட்டும். வடிவமைப்பாளர்கள் கோடைக்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யட்டும். ஒன்றும் அறியாத பத்துப் பேரை ஒத்திகைக்கு அழைத்து, ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டி, விளக்கம் எதுவும் சொல்லாமல், அவர்கள் எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்கட்டும். எங்கும் நிமிரவில்லை என்றால், ஒலிபெருக்கியில் பேசவேண்டியதை மேலும் எழுதாமல், மெட்டை முழுதாக வாசிக்க விடட்டும்.