சால் தவறிய புத்தி

லத்தீன் பாஷையில் உழவுச் சாலுக்கு 'லீரா' என்று பெயர். ஏர் நேர்ச்சாலை விட்டு விலகி ஓடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'டெலிரியம்' என்னும் வைத்தியச் சொல் பிறந்தது. நம்மவர்கள் அதை ஜன்னி என்றும், பிதற்றல் என்றும் சொல்லுவார்கள். கடுஞ்சுரம் கண்டவர்களுக்கே ஜன்னி வரும் என்பது பொதுஜன நம்பிக்கை. ஆனால், சுரம் சிறிதும் இல்லாமல், இடுப்பெலும்பு முறிவுக்கோ, இருதய சிகிச்சைக்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியவர்களுக்கும் அது வருகிறது.

நேற்று மாலை வரையில் பேரனின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த பெரியவர், இன்று காலையில் தாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் விழிக்கிறார். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்கிறார். கையில் பொருத்திய குழாயைப் பிடுங்கி எறிகிறார். சுற்றியிருப்பவர்கள், "வயதாகிவிட்டதல்லவா? புத்தி தடுமாறத்தான் செய்யும்" என்று சொல்லித் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தினால் விளைந்த தீங்கு கொஞ்சமல்ல. முதுமை ஒரே இரவில் வருவதில்லை. ஒரே இரவில் புத்தி மாறினால் அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீரவேண்டும். காரணம் இருக்குமானால் அதைத் தேடிப் பார்ப்பது வைத்தியனுடைய கடமை.

அவ்வாறு தேடியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க தேசத்து டாக்டர் ஷாரன் இனூயே அம்மையார். யேல் சர்வகலாசாலையில் இந்த ஆராய்ச்சியைச் செய்து, பின்னர் ஹார்வர்டு வைத்தியக் கலாசாலையில் பேராசிரியரானவர். நோயைத் தடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை அடையாளம் கண்டாக வேண்டும். மனோவியாதி நிபுணரை அழைத்து வந்துதான் ஜன்னியைத் தீர்மானிக்கலாம் என்றிருந்தால், சாதாரண வார்டில் கிடக்கும் கிழவரை யார் கவனிப்பார்கள்? ஆகவே 1990-ம் வருஷத்தில் அம்மையாரும் அவருடைய சகாக்களும், எந்த டாக்டரும், பழகிய நர்ஸும் சில நிமிஷங்களில் செய்யக்கூடிய ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள்.

அதில் பார்க்க வேண்டிய குறிகள் நான்கு. முதலாவது, மாறுதல் திடீரென்று வந்து, ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் இருப்பது. இரண்டாவது, கவனம் ஒன்றில் நில்லாமை. மூன்றாவது, பேச்சு தொடர்பற்றுச் சிதறுதல். நான்காவது, விழிப்பு நிலை மாறுதல். அதாவது அளவுக்கு மீறிய பரபரப்பு, அல்லது அளவுக்கு மீறிய மயக்கம். முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றுடன் மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் ஜன்னி என்று தீர்மானிக்கலாம். இன்று உலகின் பல தேசங்களில் இந்தப் பரீட்சை வழக்கத்தில் இருக்கிறது.

இந்த நான்காவது குறியில் வரும் மயக்கத்தைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். கூச்சலிடுகிற நோயாளியை எல்லாரும் கவனிப்பார்கள். ஆனால் முதியவர்கள் பலருக்கு ஜன்னி சத்தமில்லாமல் வருகிறது. படுத்தது படுத்தபடி, கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டு, சாப்பாட்டையும் நாடாமல் கிடப்பார்கள். "பாவம், தொந்தரவு கொடுக்காமல் அமைதியாக இருக்கிறார்" என்று மற்றவர்கள் மெச்சிக்கொள்வார்கள். அந்த அமைதிதான் அபாயம்.

காரணங்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் ருசிகரமானது. ஆஸ்பத்திரிகளுக்குச் சற்றுக் கசப்பானதுங்கூட. பார்வைக் குறைவு, கடும் நோய், ஏற்கெனவே ஞாபகசக்தி குன்றியிருத்தல், உடம்பில் நீர் வற்றியிருத்தல் ஆகியவை உள்ளவர்களுக்கு ஜன்னி எளிதில் வரும் என்று 1993-ல் அம்மையார் காட்டினார். 1996-ல், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அதைத் தூண்டிவிடுகிற காரணங்களை எடுத்துச் சொன்னார். நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடுதல், போஷாக்குக் குறைவு, ஒருங்கே மூன்றுக்கு மேற்பட்ட புதிய மருந்துகளைச் சேர்த்தல், சிறுநீர் இறங்கக் குழாய் பொருத்துதல், சிகிச்சையினாலேயே நேர்கிற பிற தீங்குகள். இவற்றில் பெரும்பாலானவை நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நோயைத் தீர்க்கப் போன இடத்திலேயே புத்தியைச் சால் தவறச் செய்யும் காரியங்களும் நடக்கின்றன.

அப்படியானால் அவற்றை மாற்றிப் பார்க்கலாமே? 1999-ம் வருஷத்தில் அம்மையார் வெளியிட்ட பரிசோதனை அதைத்தான் செய்தது. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரை ஒரு தனி வார்டில் விசேஷ முறைப்படி கவனித்தார்கள். வயது முதலியவற்றில் அவர்களுக்கு ஒப்பான மற்றப் பாதிப் பேர், வேறு வார்டுகளில் வழக்கமான சிகிச்சை பெற்றார்கள்.

விசேஷ முறை என்றவுடன் ஏதோ விலையுயர்ந்த மருந்தாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். நோயாளியின் கண்ணில் படும்படி ஒரு பலகையில் கவனிப்பவர்களின் பெயர்களையும் அன்றைய காரியங்களையும் எழுதி வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஊர் நடப்புகளைப் பேசினார்கள். மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கெட்டும்படி பார்த்துக்கொண்டார்கள். காதில் குறும்பி அடைத்திருந்தால் எடுத்தார்கள். நாளுக்கு மூன்று தடவை நடக்க வைத்தார்கள். நடக்க இயலாதவர்களுக்குக் கை கால்களை அசைக்கும் பயிற்சி. தண்ணீர் பருகச் சொல்லி நினைவூட்டினார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால் அல்லது மூலிகைத் தேநீர், இதமான சங்கீதம், முதுகைப் பிடித்துவிடுதல். மருந்து கொடுக்கும் வேளைகளைக்கூடத் தூக்கம் கலையாதபடி மாற்றி அமைத்தார்கள். இந்த வேலைகளில் பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

பலன் என்ன? வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு ஜன்னி கண்டது. விசேஷ வார்டில் நூற்றுக்குப் பத்துக்கும் சற்றுக் குறைவு. ஜன்னியில் கழிந்த நாட்களின் மொத்தக் கணக்கு 161-லிருந்து 105-ஆகக் குறைந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரிசோதனை அல்ல என்று குறை சொல்வோர் உண்டு, அது நியாயமே. ஆனாலும் இதே முறையைப் பின்பற்றிய வேறு ஆஸ்பத்திரிகளிலும் நற்பலன் கண்டிருக்கிறார்கள்.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு முடிவும் தெரிந்தது. அதை நாம் மறக்கலாகாது. ஜன்னி ஒரு முறை வந்துவிட்ட பிறகு, அதன் கடுமையை இந்த உபாயங்கள் அதிகமாகக் குறைக்கவில்லை. வருமுன் காத்தால்தான் முழுப் பயன். வந்து போனால் என்ன என்று அலட்சியமாக இருப்பதற்கும் இடமில்லை. இருதய ரண சிகிச்சை செய்துகொண்ட 225 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2012-ல் வெளியாயிற்று. அதிலும் அம்மையாருக்குப் பங்கு உண்டு. ஆறு மாதங்கள் கழித்தும் பழைய புத்தித் தெளிவை எட்டாதவர்கள், ஜன்னி கண்டவர்களில் நூற்றுக்கு 40 பேர். காணாதவர்களில் 24 பேர்தான்.

மேல்நாட்டில் தொண்டர்களைத் திரட்டிச் செய்கிற இந்தக் காரியத்தில் பாதியை நம் வீட்டாரே செய்யலாம். நோயாளியின் பக்கத்தில் ஒருவர் இருப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். அப்படி இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும்போது கண்ணாடி, காதுக் கருவி, பல் செட்டு ஆகியவற்றை மறக்க வேண்டாம். அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், கடையில் தாமாக வாங்கிய ஜலதோஷ மாத்திரை உட்பட, எழுதிக் கொடுங்கள். அத்தகைய மாத்திரைகளிலும் தூக்க மாத்திரைகளிலும் முதியவர் புத்தியைக் கலக்குபவை உண்டு. நெடுநாளாகப் பழகிய தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் கெடுதல். அதை டாக்டரிடம் சொல்லி அவர் யோசனைப்படி நடங்கள். பகலில் வெளிச்சமும் பேச்சும் இருக்கட்டும். இரவில் இருளும் அமைதியும் இருக்கட்டும். டாக்டர் அனுமதித்தால் நடக்கச் செய்து, தண்ணீரும் கொடுங்கள். இல்லாததைக் கண்டதாகச் சொன்னால் வாதாட வேண்டாம்; கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் யார், இது எந்த இடம் என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் நேற்று எப்படி இருந்தார் என்பதை அறிந்தவர்கள் நீங்கள்தான். புதிதாகப் பார்க்கிற டாக்டருக்கு அது தெரியாது. "இவர் இப்படி இருப்பவரே அல்ல, நேற்றிலிருந்துதான் இந்த மாறுதல்" என்று தயங்காமல் சொல்லுங்கள். "வயதாகிவிட்டதல்லவா?" என்று யாராவது பதில் சொன்னால், மறுபடியும் ஒரு முறை சொல்லுங்கள்.