உலகம் சுற்றியவர்கள் நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடினார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு நம் வீடுகளில் தொடங்குவது பைக் பேச்சு. பிள்ளைக்குப் பதினாறு அல்லது பதினேழு வயது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் பதினெட்டு வயது வேண்டும். அதுவரை பொறுக்க யாருக்கும் மனமில்லை. முன்பெல்லாம் "டியூஷனுக்குப் போக வேணும்" என்று கேட்டார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். "வாப்பா, இங்க பாருங்க, இவர் பைக்கிலேயே உலகம் சுத்துறார்." திரையில் ஒரு பெரிய பைக், பின்னால் பனிமலை, மேலே ட்ரோன் கமெரா, காதைப் பிளக்கும் பாட்டு. வாப்பாவுக்கும் ஆசை வந்துவிடுகிறது. பிள்ளை பெரிய கனவு காண்கிறான் என்று பெருமை வேறு.

நாம் அந்தப் பயணிகளுக்கு எதிரானவர்கள் இல்லை. அவர்களைக் காட்டி நம் பிள்ளைகளிடம் விற்கப்படும் பொய்க்குத்தான் எதிர். பெரிய எஞ்சினும் வேகமும் இருந்தால் போதும், நீயும் அவர்களைப் போல் ஆகலாம் என்பது அந்தப் பொய். உண்மையில் உலகம் சுற்றியவர்களின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். பெரிய கணிதம் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல் போதும்.

டெட் சைமன் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர் 1973இல் லண்டனிலிருந்து புறப்பட்டார். நான்கு வருடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், சுமார் ஒரு இலட்சம் கிலோமீற்றர். நீண்டதூர பைக் பயணம் என்றால் இன்றும் உலகம் முழுவதும் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அவருடையது. ஒரு இலட்சத்தை நான்கு வருட நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு எழுபது கிலோமீற்றர்கூட வரவில்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பி வரும் தூரத்தை விடக் குறைவு.

ஆர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்கொட்டோ 1985இல் புறப்பட்டுப் பத்து வருடங்கள் ஓடினார். 735,000 கிலோமீற்றர். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த பயணம். அதையும் வகுத்தால் நாளுக்குச் சுமார் 200 கிலோமீற்றர்தான். இன்னும் பின்னால் போவோம். 1912 ஒக்டோபரில் தொடங்கி 1913 ஓகஸ்டில் முடித்தவர் அமெரிக்கரான கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி. பைக்கில் உலகம் சுற்றிய முதல் மனிதர் என்று சொல்லப்படுபவர். வழியில் நம் இலங்கையிலும் இறங்கி ஓட்டியவர். ஏறத்தாழ 29,000 கிலோமீற்றர், பத்து மாதம். நாளுக்கு நூறுக்கும் கீழே.

"சேர், வேகமாகச் சுற்றியவர்களும் இருக்கிறார்களே" என்று கேட்கக்கூடிய பிள்ளைகள் நம்மிடம் உண்டு. நியாயமான கேள்வி. பிரித்தானியரான நிக் சாண்டர்ஸ் 1997இல் முப்பத்திரண்டு நாட்களுக்குள் சுமார் 32,000 கிலோமீற்றர் ஓட்டி உலகைச் சுற்றினார். அது பயணத்தை விடப் பந்தயத்துக்கு நெருக்கமானது. அதையும் கணக்குப் போடுவோம். நாளுக்கு ஆயிரம் கிலோமீற்றர். இருபத்து நான்கு மணித்தியாலத்தால் வகுத்தால் மணிக்கு 42 கிலோமீற்றர் அளவில் வருகிறது. உலக சாதனைக்குத் தேவைப்பட்டதும் நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் பொறுமைதான். நம் ஊர்ப் பிரதான வீதியில், பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் நடுவில், நூறைத் தொட்டுக் காட்டுவதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது எஞ்சின். பெரிய பைக் இல்லாமல் தூரம் போக முடியாது என்கிறார்கள். 1973இல் பிரெஞ்சுப் பெண்மணி ஆன்-பிரான்ஸ் டோத்வில் தனியாக மூன்று கண்டங்களைக் கடந்தது 125 சிசி கவசாக்கியில். இன்று மீன் பெட்டி கட்டிக்கொண்டு நம் தெருக்களில் போகும் பைக்குகளின் அளவு அது. மலேசியாவின் அனிதா யூசுப் 2015இல் உலகப் பயணம் புறப்பட்டது 150 சிசி யமஹாவில். அவர் முஸ்லிம் பெண்மணி. அப்போது வயது நாற்பதுக்கு மேல். தொழில், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். ஆசிரியர் கலாசாலைப் படிகளில் ஏறி இறங்கிய நமக்கு இதைச் சொல்லும்போது தனி மகிழ்ச்சி. ஆனால் நம் பிள்ளைகளின் போனில் அவர் வருவதில்லை. அவரைக் காட்டினால் 1000 சிசி பைக் விற்காது.

பெரிய பைக்கில் போனவர்களின் கதையையும் முழுமையாகக் கேளுங்கள். 2004இல் நடிகர் இவான் மெக்ரெகரும் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து நியூயோர்க் வரை கிழக்குப் பக்கமாக ஓடினார்கள். தொலைக்காட்சித் தொடராக வந்து இலட்சக்கணக்கானோரைப் பைக் வாங்க வைத்த பயணம் அது. அவர்களுக்குப் பின்னால் உதவிக் குழுவும் வாகனங்களும் இருந்தன. அந்தப் பெரிய பைக்குகளே மோசமான பாதையில் சட்டகம் வெடித்து வெல்டிங்குக்குப் போயின. மொங்கோலியாவில் கமெராக்காரரின் பைக் இனி ஓடாது என்றானபோது அவருக்கு வாங்கிக் கொடுத்தது, அந்த நாட்டு மக்கள் ஓட்டும் எளிய ரஷ்ய பைக் ஒன்று. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கமெராக்காரர் புறப்படுவதற்கு முன் பைக் ஓட்டும் பரீட்சையில் சித்தியடையவில்லை. அதனால் அவரால் முதல் நாளிலிருந்து ஓட்ட முடியவில்லை. பிறகுதான் வந்து சேர்ந்தார். உலகப் புகழ் நடிகரின் குழுவில் இருந்தாலும் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் பைக்கில் ஏற முடியாது. நம் ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, தலைக்கவசம் இல்லாமல் போகிறான். பார்க்கும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு கையசைக்கிறார்கள்.

திரையில் வராத இன்னொரு பக்கம் கடுதாசி. ஒரு பைக்கோடு இந்தியா, பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளுக்குள் போக 'கார்னே' என்ற சுங்கப் பத்திரம் வேண்டும். பைக்கை அந்த நாட்டில் விற்காமல் திரும்பக் கொண்டுபோவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. அதற்குப் பெரிய தொகை பிணையாகக் கட்ட வேண்டும். ஒவ்வோர் எல்லையிலும் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. ஒன்று தவறினாலும் பிணைப் பணம் சிக்கலில். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் காடும் சதுப்பும், பாதையே கிடையாது. எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தாலும் அங்கே பைக்கைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றத்தான் வேண்டும். அந்த இடத்தில் உதவுவது வேகம் இல்லை. படிவம் நிரப்பத் தெரிவதும், அதிகாரியிடம் கோபப்படாமல் பேசத் தெரிவதும், நாள்கணக்கில் காத்திருக்கத் தெரிவதும்தான். பிரேசிலில் உளவாளி என்ற சந்தேகத்தில் டெட் சைமனைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அப்போது அவருடைய பைக் வெளியே சும்மா நின்றது.

எல்ஸ்பெத் பியர்ட் என்ற பெண்ணின் கதையை நம் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். லண்டனில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தவர். 1982இல் ஒரு பழைய பீ.எம்.டபிள்யூ.வோடு புறப்பட்டார். அனுசரணை இல்லை. பணம் முடிந்ததும் சிட்னியில் ஒரு கராஜில் தங்கி, மாதக்கணக்கில் கட்டடக் கலை அலுவலகத்தில் வேலை செய்து, சாமான் பெட்டிகளைத் தன் கையாலேயே தகரம் வெட்டிச் செய்துகொண்டார். சிங்கப்பூரில் கடவுச்சீட்டும் பைக்கின் பத்திரங்களும் களவு போயின. மீண்டும் எடுக்க ஆறு வாரம் அங்கேயே அலைந்தார். அவுஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் விபத்தில் அடிபட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து ஊர் திரும்பியபோது அவரைக் கொண்டாட யாருமில்லை. லைக் இல்லை, பார்வையாளர் எண்ணிக்கை இல்லை. அவர் விட்ட படிப்பை முடித்தார். கட்டடக் கலைஞரானார். பழைய நீர்த் தாங்கிக் கோபுரம் ஒன்றை வீடாக மாற்றி விருது பெற்றார். பயணத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 2017இல்தான் வந்தது. இப்படிப்பட்ட ஒருவரை "வேலையில்லாமல் ஊர் சுற்றியவள்" என்று சொல்ல யாருக்கும் வாய் வருமா? பயணம் போகும் வழியில் அவருக்குச் சோறு போட்டதே அவர் படித்த தொழில்தான். படிப்பை விட்டுவிட்டுப் பயணம் போகலாம் என்று கனவு காணும் பிள்ளைகள் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

இனி நம்மிடம் அடிக்கடி சொல்லப்படும் ஒரு மறுப்பு. "அவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுடைய பாஸ்போட்டுக்குக் கதவு திறக்கும். எங்களுடைய பாஸ்போட்டுக்கு யார் வீசா தருவான்?" உண்மை. இதில் அநியாயம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஓர் ஐரோப்பியர் எல்லையில் ஒரு முத்திரையோடு கடக்கும் இடத்தில் நம் பிள்ளை வங்கிக் கூற்று, அழைப்புக் கடிதம், தொழில் உறுதிக் கடிதம் என்று கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் இந்த உண்மையிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும்? அவர்களை விட நம் பிள்ளைக்கு ஆயத்தம் கூடுதலாக வேண்டும். நல்ல ஆங்கிலம் வேண்டும், கையில் ஒரு தொழில் வேண்டும், ஒழுங்கான பத்திரங்கள் வேண்டும், பொலிஸில் வழக்கில்லாத பெயர் வேண்டும். பதினேழு வயதில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டி வழக்கில் மாட்டுகிற பிள்ளை எந்தத் தூதரகக் கதவைத் தட்டப் போகிறான்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஒவ்வொரு வருடமும் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரிய பங்கு பைக்கில் போனவர்கள். இது நாம் பத்திரிகையில் மட்டும் வாசிக்கும் செய்தியா? பெருநாள் பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் போகும் பைக்குகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை உம்மாமார் வாசலில் நிற்கிறார்கள்? பெருநாள் கிழமையில் ஓர் இளம் பிள்ளையின் ஜனாஸா அறிவித்தல் ஒலிபெருக்கியில் கேட்காத ஊர் நம்மில் எத்தனை? வகுப்பறையில் வரவுப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது ஒரு பெயரில் தடுக்கி நிற்கும் அந்தக் கணத்தை ஆசிரியர்கள் அறிவோம். மரணம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாவியைக் கையில் கொடுத்தது யார் என்ற கேள்வி அதனால் இல்லாமல் போகாது.

ஆகவே நம் வேண்டுகோள்கள் இவை.

பதினெட்டு வயதும் அனுமதிப்பத்திரமும் வரும்வரை சாவி கொடுக்காதீர்கள். "எல்லாரும் கொடுக்கிறாங்க" என்பது காரணமாகாது.

பிள்ளை உலகம் சுற்ற வேண்டும் என்று சொன்னால் திட்டாதீர்கள். ஒரு கொப்பியும் வரைபடமும் கொடுங்கள். எந்த வழி, எத்தனை நாடு, எங்கே வீசா, எங்கே கப்பல், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு செலவு என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். உண்மையில் ஆசை உள்ளவன் எழுதுவான். எழுதுகிற பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள், புவியியலும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லித் தருகிறோம். ரீல்ஸ் ஆசைக்காரன் இரண்டாம் நாளே கொப்பியை மூடிவிடுவான். வாப்பாவுக்கும் விளங்கிவிடும்.

லீவு நாளில் கராஜில் நிற்க விடுங்கள். டயர் கழற்றி ஒட்டவும், செயின் மாற்றவும், பிளக் துடைக்கவும் தெரியாதவன் சைலன்ஸரைக் கழற்றிச் சத்தம் போடுவதில் அர்த்தமில்லை.

முதலில் பஸ்ஸிலும் ரயிலிலும் இந்த நாட்டைப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்துக்கும் மாத்தறைக்கும் போய், தெரியாத மனிதர்களோடு சிங்களத்திலும் தமிழிலும் பேசிப் பழகட்டும். உலகம் சுற்றியவர்கள் எல்லோரும் கடைசியில் நம்பியிருந்தது தெரியாத மனிதர்களின் நல்ல மனதைத்தான்.

இபுனு பதூதா 1344இல் நம் தீவுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார். இருபத்தோரு வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர். கிட்டத்தட்ட எழுநூறு வருடங்களாக அவர் பார்த்ததையும் சந்தித்த மனிதர்களையும் பற்றி உலகம் வாசிக்கிறது. அவர் ஏறிப் போன குதிரை எவ்வளவு வேகமாக ஓடியது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்த வாரம் பைக் கடைக்குப் போக இருக்கும் வாப்பாமாரின் கண்ணில் படும்படி இதைப் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.